ஊர் என்ன குடோனா?

சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர்ப்பக்கம் போகப்போகிற வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. பெயரைப் போட்டால் பரணில் இருப்பது யாருடைய சாமான் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் பேட்டையின் பெயர் மட்டும்.

நங்கநல்லூர் வாசகர்: ரிடையர் ஆகிவிட்டேன். மன்னார்குடிப் பக்கம் அப்பா கட்டிய வீட்டுக்கே போவதாக முடிவு. இங்கே நான்கு அறை நிறையச் சாமான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஊரிலிருந்து. ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். அப்பா கட்டிய வீட்டின் நிலைவாசல் அகலத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். குனிந்து நுழைகிற அந்த வாசலில் ஆறுக்கு ஆறு கட்டில் நுழையாது. மூலைக்குத் திரும்புகிற சோபாவும் நுழையாது. பாதிச் சாமானின் தலையெழுத்து அங்கேயே முடிவாகிவிடும். வீட்டில் யாரும் சண்டை போட வேண்டியதில்லை, பழியை நிலைவாசல் மேல் போட்டுவிடலாம்.

குரோம்பேட்டை வாசகர்: எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? ஊர் வீட்டில் இடம் தாராளமாக இருக்கிறதே, எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றி அங்கே போட்டுக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. சரிதானே?

தப்பு. இந்த ஒரு யோசனைதான் ஊர்ப்பக்கம் பாதி வீடுகளை மூச்சுத் திணற வைத்திருக்கிறது. புது டிவி வாங்கினால் பழசு ஊருக்கு. பிரிட்ஜ் மாற்றினால் பழசு ஊருக்கு. "ஊர்ல கிடக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி அண்ணன் தம்பி எல்லாரும் ஆளுக்கொன்றாக அனுப்பியது அங்கே இரண்டாம் கட்டில் குவிந்து கிடக்கும். பிக்சர் டியூப் டிவி, கால் ஆடும் டைனிங் நாற்காலி, ஒருவரும் ஒருநாளும் போர்த்தாத ரஜாய். இடம் இருக்கிறது என்று சொல்பவர் அந்தக் கதவைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று கேளுங்கள்.

ஊர் என்ன குடோனா? நீங்கள் அங்கே குடியிருக்கப் போகிறீர்கள். சென்னையில் குறைப்பது பாதி வேலைதான். ஊரில் ஏற்கெனவே கிடப்பதை அப்புறப்படுத்துவது மீதிப் பாதி. அதை முடித்துவிட்டு லாரிக்குச் சொல்லுங்கள். தம்பியையும் கூட்டிப்போங்கள். அந்த டிவி அவருடையதாக இருக்கலாம்.

அம்பத்தூர் வாசகி: டிவி வந்த அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறார் என் வீட்டுக்காரர். அந்த டிவியே போய்ப் பல வருஷம் ஆகிறது!

பெட்டி காலியாகவா இருக்கிறது? உள்ளே மிக்ஸியின் அட்டைப்பெட்டி இருக்கும், அதற்குள் செல்போன் பெட்டி இருக்கும். மூட்டை கட்டுகிற நாளில் அந்தப் பெட்டிகளிலேயே சாமானை அடுக்கச் சொல்லுங்கள். "பார்த்தாயா, உபயோகப்பட்டதா இல்லையா?" என்ற வெற்றி அவருக்கு. ஊரில் இறக்கியதும் கிழித்துப் பழைய பேப்பர்காரரிடம் போடும் வெற்றி உங்களுக்கு.

மேற்கு மாம்பலம் வாசகி: மாமியார் காலத்துப் பித்தளையும் வெண்கலமும், என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வரும் சேர்ந்து ஒரு பாத்திரக்கடையே இருக்கிறது. மூன்று அண்டா, பதினாறு தூக்கு, டம்ளருக்குக் கணக்கே இல்லை. எதை எடைக்குப் போடுவது?

முதலில் எவர்சில்வரில் கை வையுங்கள். டம்ளரை எடுத்து விளிம்புக்குக் கீழே பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். இனிஷியல், தேதி, சிலதில் ஊர்கூட. கொடுத்தவர் யாரென்று நினைவில்லை என்றால் டம்ளர் போகலாம். நினைவிருந்தால், அவரைப் பிடிக்குமா என்று யோசியுங்கள். பிடிக்காது என்றாலும் போகலாம்.

வெண்கலப் பானை, உருளி, குத்துவிளக்கு இவற்றை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாங்குகிற கடைக்காரர் உலோகத்துக்குத்தான் காசு கொடுப்பார், வார்த்தவரின் கைவேலைக்குக் கொடுக்க மாட்டார். திரும்ப வாங்கப் போகும்போது அந்தக் கைவேலைக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். சந்தேகமிருந்தால் நாச்சியார்கோவிலில் ஒரு குத்துவிளக்கின் விலையை விசாரித்துப் பாருங்கள்.

ஈயச்சொம்பு கட்டாயம் உங்களோடு வரட்டும். வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும் என்று மருமகளிடம் சொல்லிவையுங்கள். பித்தளையில் சமைப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளி பட்டுக் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் உங்கள் ஊருக்கு இன்னும் வருகிறாரா என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கு? பால் வாங்க ஒன்று, பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்ப ஒன்று. பதினான்கு போகட்டும்.

திருவல்லிக்கேணி வாசகி: ஒன்பது படிக் கொலுவை எப்படிச் சுருக்குவது?

செட்டைப் பிரிக்காமல். ஆறு அவதாரம் உங்களிடம், நாலு அவதாரம் தங்கையிடம் என்றால் இரண்டு வீட்டிலும் உலகம் காப்பாற்றப்படாது. தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் எதுவானாலும் முழுசாக ஒருவருக்கே கொடுங்கள். மரப்பாச்சி ஜோடியும் மூன்று படிக்கான பொம்மையும் ஊருக்குப் போதும். பழைய காட்டன் வேட்டியில் சுற்றிக் கட்டுங்கள். படியைத்தான் குறைக்கச் சொன்னேன், சுண்டலை அல்ல.

கே.கே. நகர் வாசகர்: அப்பா சேர்த்த புத்தகங்கள் இரண்டு பீரோ. பைண்டு செய்த தொடர்கதைகளும் உண்டு. நூலகத்துக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

"எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் எந்த நூலகரும் ஓடிவிடுவார். பட்டியல் போட்டுக் கேட்டால் நின்று பேசுவார். இன்றும் கடையில் கிடைக்கிற புத்தகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் நூலகத்துக்கு அரிது கிடையாது. அதைப் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் குப்பை என்று ஒதுக்குகிற மூலையைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், சங்கத்து ஆண்டு மலர், காலணா விலை போட்ட சிறு வெளியீடு எல்லாம் ஆய்வாளர்கள் தேடி அலைகிற சரக்கு.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அந்தப் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். அந்த நூலகத்தின் அஸ்திவாரமே ஒரு தனிமனிதர் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் தன் வீட்டில் சேர்த்துவைத்த சேகரிப்புதான். அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994-ல் சென்னையிலேயே நூலகமானது. ஓலைச்சுவடி ஏதாவது இருந்தால் பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தைக் கேளுங்கள்.

பைண்டு வால்யூமை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். 'பொன்னியின் செல்வன்' புத்தகமாக எத்தனையோ பதிப்புகளில் கிடைக்கிறது. ஆனால் 1950-ல் கல்கி இதழில் ஆரம்பித்தபோது வந்த மணியத்தின் படங்களும், பக்கத்துப் பத்தியில் தலைவலித் தைல விளம்பரமுமாக இருக்கிற பைண்டிங் வேறு ரகம். மீதியை விற்பதானால் உங்கள் பேட்டையிலிருந்தோ எங்கள் திருவல்லிக்கேணி வாசகியின் பேட்டையிலிருந்தோ ஒரு பழைய புத்தகக் கடைக்காரரை வரச் சொல்லுங்கள். அவர் கை முதலில் எந்தப் புத்தகத்தின் மேல் போகிறது என்று பாருங்கள். அதை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஊருக்குப் போகிற புத்தகம் ஸ்டீல் பீரோவில், சுவரை விட்டுத் தள்ளி, தரையில் படாமல் இருக்கட்டும். அங்கே கரையான் உங்களைவிட வேகமாகப் படிக்கும்.

அண்ணா நகர் வாசகி: மகன் நியூஜெர்சியில். காலேஜ் டிராஃப்டர், ரெக்கார்டு நோட்டு, கிரிக்கெட் பேட் எதையும் தொடாதீர்கள் என்கிறான்.

தொடாதீர்கள். நியூஜெர்சிக்குப் பார்சல் செலவு எவ்வளவு என்று மட்டும் விசாரித்து அவனுக்கு அனுப்புங்கள். மறுநாளே "பேட் மட்டும் வெச்சுக்கோம்மா" என்பான்.

ராயப்பேட்டை வாசகர்: பூஜையறையில் கொள்ளுத்தாத்தா காலத்து ஐம்பொன் விக்கிரகம். லண்டன் மகள் கேட்கிறாள். கையோடு எடுத்துப் போகலாமா?

விக்கிரகம் லண்டன் போகாது, நீங்கள் மீனம்பாக்கத்தோடு நிற்பீர்கள். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத சிலை தொன்மைப் பொருள். ஏட்டுச் சுவடிக்கு 75 வருஷமே போதும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் சிலைகளைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வயது தெரியாவிட்டால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொன்மைப் பொருள் இல்லை என்று சான்று வாங்கிய பிறகு அனுப்புங்கள். மகளுக்கு அவசரமென்றால் பூம்புகாரில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள், ரசீதோடு.

வேளச்சேரி வாசகர்: பர்மா தேக்குக் கட்டிலை ஆன்லைனில் போட்டால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

நீங்கள் கொடுத்த விலை உங்களுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. பழைய மரச்சாமானுக்கு என்ன மவுசு என்று தெரிய வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள். செட்டிநாட்டு வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் தூக்கு எல்லாம் அங்கே வரிசையாக விற்பனைக்கு நிற்கின்றன. விற்றவருக்குக் கிடைத்தது வேறு விலை, அங்கே சொல்வது வேறு விலை. கட்டில் கழற்றி மாட்டுகிற கட்டிலாக இருந்தால் ஊருக்கு எடுத்துப்போங்கள், பேரப்பிள்ளைகள் ஆறு பேர் குறுக்கே படுக்கலாம். உமியும் தூளும் ஒட்டிச் செய்த பலகை அலமாரி இருந்தால் அதை ஓசியில் கொடுத்துவிடுங்கள். லாரி திண்டிவனம் தாண்டுவதற்குள் அது தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும்.

அடையாறு வாசகி: எங்கள் வீட்டில் பல வருஷமாக வேலை செய்யும் அம்மாவுக்கு, எல்லாம் போக மிஞ்சுவதைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மிஞ்சியதையா? நாத்தனார், ஓர்ப்படி எல்லாரும் பொறுக்கிக்கொண்ட பிறகு கைப்பிடி போன குக்கரைக் கொடுக்கப் போகிறீர்கள். வரிசையைத் திருப்புங்கள். "உங்களுக்கு எது வேணும், முதல்ல நீங்க சொல்லுங்க" என்று அவரிடம் கேளுங்கள். அந்தச் சாமானையெல்லாம் தினமும் துடைத்தவர் அவர். எது நல்ல நிலையில் இருக்கிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். பீரோ கேட்டால் அவர் வீடு வரை கொண்டுசேர்க்கிற வண்டிச் செலவும் உங்களுடையது. அதோடு, நீங்கள் கிளம்பிவிட்டால் அவருக்கு வேலை போகிறது. புது வீடு பிடிக்கும் வரையிலான சம்பளத்தைப் பணமாகக் கையில் கொடுங்கள். குக்கரால் வாடகை கட்ட முடியாது.

வில்லிவாக்கம் வாசகர்: போகிக்கு எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால் என்ன?

2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். உங்கள் ரெக்சின் சோபாவும் சேர வேண்டுமா? மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் போட்டு, கழிக்கிற சாமானை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள்.

மடிப்பாக்கம் வாசகர்: சென்னை வீட்டை விற்ற பணத்தில் ஊரில் மூன்று மா நிலம் வாங்கிவிட்டால் மூலதன ஆதாய வரியே கிடையாதாமே?

சொன்னவர் அந்த நிலத்தை விற்பவராக இருப்பார். வீட்டை விற்ற லாபத்துக்கு விலக்கு வேண்டுமானால் வீடுதான் வாங்க வேண்டும். விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ, விற்ற 2 வருஷத்துக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதென்றால் 3 வருஷம். வயல் வாங்கினால் அந்தச் சலுகை வராது. பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்றி வெள்ளையடித்துவிட்டு "வீடு கட்டினேன்" என்று கணக்குக் காட்டவும் முடியாது. வீடே வேண்டாம் என்றால், விற்ற 6 மாதத்துக்குள் அரசு குறிப்பிட்டுள்ள கடன் பத்திரங்களில் 50 லட்ச ரூபாய் வரை போடலாம், ஆனால் 5 வருஷம் கைவைக்க முடியாது.

2001-க்கு முன் வாங்கிய வீடா? 1.4.2001 அன்றைய மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. அதுவும் போக, 23.7.2024-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 12.5 சதவீதமா, விலைவாசிக் குறியீட்டைக் கணக்கில் எடுத்து 20 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பத்திரம் பதிந்த பிறகு போனால் அவரால் காபிதான் கொடுக்க முடியும்.

பெரம்பூர் வாசகர்: பீரோ முழுக்கக் காகிதம். எது வேண்டும், எது வேண்டாம்? ஊர் வீட்டின் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது.

இரண்டாவது வரியை இவ்வளவு சாவகாசமாகச் சொல்கிறீர்களே! சாமானெல்லாம் இருக்கட்டும், முதலில் அதைக் கவனியுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போடுங்கள். பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பங்குள்ளவர்கள் எல்லாரும் ஒத்துவர வேண்டும். வருஷம் ஆக ஆகப் பங்குதாரர்களின் எண்ணிக்கை பெருகுமே தவிரக் குறையாது. 1980-களின் யூ.டி.ஆர். சர்வேயில் பெயரோ சர்வே எண்ணோ தவறாக ஏறியிருந்தால் வி.ஏ.ஓ.விடம் தீராது, கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போக வேண்டியிருக்கும். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். குடிபோன பிறகு ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து "இதுல எனக்கும் கால் பங்கு" என்பதைவிட, போவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், கிஸ்து ரசீது, வீட்டு வரி ரசீது, தாத்தா கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு உட்பட நிலம் சம்பந்தப்பட்ட எதையும் கழிக்காதீர்கள். டிரங்க் கால் போட்ட காலத்து டெலிபோன் பில்லும், செத்துப்போன ஸ்கூட்டரின் சர்வீஸ் புத்தகமும் போகலாம்.

தாம்பரம் வாசகி: ஊரில் பாம்பு வருமே என்று பயமாக இருக்கிறது.

பாம்பு உங்களைத் தேடி வராது, எலியைத் தேடி வரும். எலி உங்கள் மூட்டைகளைத் தேடி வரும். விறகு, ஓட்டுக் குவியல், உடைந்த நாற்காலி எதையும் சுவரோரம் அடுக்காமல் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து வைத்திருக்கிறார்கள் என்று குடிபோகும் முன்பே கேட்டு, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். 108-க்கு அடித்துவிட்டு அங்கே போங்கள்.

மயிலாப்பூர் வாசகி: மாமியாருக்கு எண்பத்தெட்டு வயது. அம்மி, ஆட்டுக்கல் இல்லாமல் வரமாட்டேன் என்கிறார்.

அவரை முன்னால் அனுப்பிக் கொல்லைப்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய மாமியாரின் ஆட்டுக்கல் அங்கே கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியாக உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

போரூர் வாசகர்: ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினை எடுத்துப்போகலாமா?

ஊர் வீட்டில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, போர் தண்ணீர் உப்பா, கரண்ட் எத்தனை நேரம் சீராக வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் எடுத்துப்போனால் அது துணி மடித்து வைக்கிற அலமாரிதான். வாளியால் ஊற்றித் துவைக்கிற செமி ஆட்டோமேட்டிக் ஊருக்குத் தோது.

சைதாப்பேட்டை வாசகர்: எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய், ஊர் ஒத்துவரவில்லை என்றால்?

அதனால்தான் வீட்டை உடனே விற்காதீர்கள். சாமானை விற்கலாம், சாமான் திரும்பக் கிடைக்கும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு ஐப்பசி கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் ஊரில் இருந்து பாருங்கள். பொங்கலுக்கு நான்கு நாள் போய் வந்ததை வைத்து முடிவு செய்தவர்கள்தான் ஆறே மாதத்தில் வேளச்சேரியில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். வாடகைக்கு விடும்போது எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது.

கோடம்பாக்கம் வாசகி: ஆல்பங்கள்?

எல்லாம் வரட்டும். மூட்டை கட்டும் முன் வீட்டிலேயே வயதானவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். அவருக்கே அடையாளம் தெரியாதவர்கள் கல்யாண வீடியோகிராபரின் சொந்தக்காரர்கள். அந்தப் படம் போகலாம்.

வளசரவாக்கம் வாசகர்: ஆடி மாதத்தில் குடிபோகக்கூடாது என்கிறார்கள். லாரி கிடைப்பது ஆடியில்தான் சுலபம்.

சாமான் ஆடியில் போகட்டும், நீங்கள் ஆவணியில் போய்ப் பால் காய்ச்சுங்கள்.

திருவொற்றியூர் வாசகர்: கிளம்பும் முன் மறக்கக்கூடாதது என்ன?

கேஸ். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கனெக்‌ஷன் முடித்ததற்கான வவுச்சரைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் அதைக் காட்டித்தான் புதுக் கனெக்‌ஷன் எடுக்க வேண்டும். ஓட்டு மாற்ற படிவம் 8. ரேஷன் கார்டில் முகவரி மாற்றினால்தான் ஊர்க் கடையில் உங்கள் பெயர் ஏறும். பென்ஷன்காரர் என்றால் உயிர்வாழ் சான்றுக்குச் சென்னை வர வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்வார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கிராமபோன், பழைய நாணயம், பழைய கடிகாரம் ஆகியவற்றைப் படம் எடுத்து "இது என்ன விலை போகும்?" என்று தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். நான் வாங்குவதாக இல்லை.